21 நாள் உபவாசம் இருந்தால் வேலை கிடைக்குமா?

கேள்வி: மார்ச் 3, 2025

"எங்கள் சபையில் இந்த வாரம் 21 நாள் உபவாச ஜெபம் தொடங்குகிறது. படிப்பு முடித்து இரண்டு வருஷமாக வேலை தேடுகிறேன். தானியேல் 21 நாள் இருந்தார், தடை உடைந்தது, உனக்கும் உடையும் என்கிறார் பாஸ்டர். உடம்பு தாங்காது, வேண்டாம் என்கிறாள் அம்மா. உபவாசம் இருந்தால் ஜெபம் சீக்கிரம் கேட்கப்படுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

மார்ச் 3, இரவு

தம்பி, தானியேல் பத்தாம் அதிகாரத்தை முழுசாக வாசித்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணு. அந்த மூன்று வாரமும் அவர் சுத்தப் பட்டினி கிடக்கவில்லை. ருசிகரமான அப்பம் இல்லை, இறைச்சி இல்லை, திராட்சரசம் இல்லை, எண்ணெய் பூசிக்கொள்ளவில்லை. எழுதியிருப்பது அவ்வளவுதான். வேறு ஏதோ சாப்பிட்டுத்தான் இருந்திருக்கிறார்.

இன்னொன்று. பெர்சியாவின் அதிபதி 21 நாள் எதிர்த்து நின்றான் என்கிற 13ஆம் வசனத்தைத்தான் எல்லா மேடையிலும் கேட்கிறோம். அதற்கு முந்தின வசனத்தில் தூதன் என்ன சொல்கிறான்? நீ உன்னைத் தாழ்த்தத் தொடங்கின முதல் நாளிலேயே உன் வார்த்தைகள் கேட்கப்பட்டன என்கிறான். முதல் நாளில்! மிச்சம் இருபது நாளும் கேட்க வைப்பதற்காக இல்லை. தாமதம் தூதன் வந்த வழியில். தானியேலின் வயிற்றில் இல்லை.

மார்ச் 4

"அப்படியானால் உபவாசமே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கீழே ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? நானும் லெந்து (ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம்) நாட்களில் இருக்கிறவன்தான். பட்டினியைக் கடவுளுக்கு எதிராகப் பிடிக்கிற தர்ணாவாக ஆக்காதே என்கிறேன்.

தாவீதைப் பாருங்கள் (2 சாமுவேல் 12). பிள்ளை வியாதியாய்க் கிடக்கிறது. ராஜா சாப்பிடாமல் தரையிலே கிடந்து மன்றாடுகிறார். ஏழாம் நாளில் பிள்ளை செத்துப்போகிறது. சேதி சொல்லவே வேலைக்காரர்களுக்குப் பயம். தாவீது எழுந்து, குளித்து, எண்ணெய் பூசி, உடை மாற்றி, ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பாடு கேட்கிறார். அந்த உபவாசம் தோற்றதா? தாவீது அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. கேட்டார், கிடைக்கவில்லை, அதே கடவுள் முன்னால் போய் நின்றார். 'உபவாசத்தால் வந்த ஜெயம்' என்று சாட்சி சொல்கிற கூட்டங்களில் இந்த அதிகாரத்தை யாரும் எடுத்து நான் கேட்டதில்லை.

பவுலைக் கொல்லும்வரை சாப்பிடவும் மாட்டோம், குடிக்கவும் மாட்டோம் என்று சபதம் போட்ட நாற்பதுக்கு மேற்பட்ட ஆட்களும் வேதத்தில்தான் இருக்கிறார்கள் (அப்போஸ்தலர் 23). கடும் உபவாசம். பவுல் தப்பிவிட்டார். அவர்கள் எப்போது சாப்பிட்டார்கள் என்று லூக்கா எழுதாமல் விட்டதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

மார்ச் 5, சாம்பல் புதன்

நான் சிஎஸ்ஐ (சீர்திருத்த வழி வந்த தென்னிந்தியத் திருச்சபை), மனைவி கத்தோலிக்க வீடு. லெந்து தொடங்குகிற நாள். இன்று அவளுக்கு ஒருசந்தி, சுத்தபோசனம் இரண்டும். கேட்டவர்களுக்காக: ஒருசந்தி என்றால் ஒரு வேளை முழுச்சாப்பாடு. மற்ற இரண்டு வேளை ஏதாவது கொஞ்சம், இரண்டையும் கூட்டினாலும் இன்னொரு முழுச்சாப்பாடாகிவிடக் கூடாது. சுத்தபோசனம் என்றால் கறி கிடையாது, மீன் உண்டு. 18 வயது முடிந்ததிலிருந்து 59 முடிகிறவரை ஒருசந்தி கடமை. சுத்தபோசனம் 14 வயதிலிருந்தே. கட்டாய ஒருசந்தி வருஷத்துக்கு இரண்டே நாள், இன்றும் பெரிய வெள்ளியும். நோயாளிக்கு விலக்கு உண்டு.

"இவ்வளவு லேசா?" என்று சிரிக்கிற பெந்தெகொஸ்தே நண்பர்களுக்கு: முன்பு லேசாக இல்லை. நற்கருணை (பூசையில் தருகிற அப்பம்) வாங்குகிற நாளில் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்றிருந்தது. தண்ணீரை விட்டுக்கொடுத்தது 1953இல். 1957இல் மூன்று மணி நேரமாகக் குறைத்தார்கள், 1964இல் ஒரு மணி நேரமாக. மனைவியின் பாட்டி கடைசிவரை இந்த ஒரு மணி நேரக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லையாம். "போப்பாண்டவருக்கு வயசாயிட்டு" என்பாராம்.

மார்ச் 9, ஞாயிறு

"நாம் சீர்திருத்த சபை, நமக்கு எதற்கு லெந்து?" என்று ஒரு கேள்வி. கேட்ட தேதிதான் வேடிக்கை. இந்த வருஷம் போலவே 1522ஆம் வருஷமும் ஈஸ்டர் ஏப்ரல் 20தான், லெந்துவின் முதல் ஞாயிறு மார்ச் 9தான். அன்றைக்குச் சூரிச் நகரத்தில் ஃபிரோஷவர் என்கிற அச்சகக்காரர் வீட்டில் சில பேர் கூடி, புகைபோட்ட சாசேஜைத் துண்டு துண்டாக நறுக்கித் தின்றார்கள். நோன்பு நாளில் கறி என்றால் அப்போது சட்டப்படி குற்றம். புத்தகச் சந்தை தொடங்குவதற்குள் வேலையை முடிக்கவேண்டும், கஞ்சியைக் குடித்துவிட்டு இந்த வேலை ஓடாது என்று ஃபிரோஷவர் நியாயம் சொன்னார். அந்த நகரத்துப் பிரசங்கியார் ஸ்விங்லி அந்த வீட்டில் இருந்தார், தின்னவில்லை. ஆனால் தின்றவர்களுக்காகப் பிரசங்கம் பண்ணி அடுத்த மாதமே அச்சிலும் போட்டார். சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தம் சாசேஜில் தொடங்கியது என்று சொன்னால் பாதி உண்மை.

அவர் எதிர்த்தது கட்டாயத்தை. நோன்பு இருக்கிறவன் தாராளமாக இருக்கட்டும், இராதவனை ஜெயிலில் போடாதே என்பதுதான் பேச்சு. ஜெர்மனியின் சீர்திருத்தக்காரர் லூத்தர் தன் சிறிய ஞானோபதேசத்தில் உபவாசத்தை நல்ல வெளிப்புறப் பயிற்சி என்றே எழுதியிருக்கிறார். மெதடிஸ்ட் சபைகளின் முன்னோடி வெஸ்லி ஆக்ஸ்ஃபோர்டு நாட்களில் புதனும் வெள்ளியும் பிற்பகல் மூன்று மணிவரை சாப்பிடாமல் இருந்தவர். சீர்திருத்தம் என்ற பெயரைச் சொல்லி பிரியாணிக்கு வழி தேடுகிறவர்கள் வேறு ஆளைப் பிடியுங்கள்.

மார்ச் 10

அப்போ எதற்குத்தான் இருக்கிறீர்கள் என்று நேராகக் கேட்கிறார்கள். சரி, அனுபவத்தைச் சொல்கிறேன். பெரிய தரிசனம் ஒன்றும் வரவில்லை.

நான் இருக்கிற வெள்ளிக்கிழமைகளில் பதினொரு மணிக்கு ஆபீஸில் எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள். அந்த நேரத்தில் யாராவது ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தால் என் முகம் மாறும். என்னுடைய சாந்தகுணத்தில் பாதி காபியால் வந்தது என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான். வயிறு நிறைந்திருக்கும்போது நல்லவனாக இருப்பது சுலபம். பசியில் வெளியே வருகிற ஆள் யாரோ புது ஆள் இல்லை. எப்போதும் உள்ளேதான் இருந்திருக்கிறான், இட்லியும் சாம்பாரும் அவனை அமுக்கி வைத்திருக்கின்றன.

நாலாம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயர் பசிலியு நோன்பைப் பற்றிய பிரசங்கத்தில் இதைக் காட்டமாகவே சொல்லிவிட்டார்: நீ கறி தின்பதில்லை, சகோதரனைத் தின்கிறாய்.

மார்ச் 10, மறுபடியும்

வாட்ஸாப் ஸ்டேட்டஸில் 'உபவாசம், நாள் 6, ஜெபியுங்கள்' என்று போடுகிறவர்களைப் பற்றிக் கேட்கிறார் ஒருவர். மத்தேயு 6: உபவாசம் இருப்பது வெளியே தெரியக் கூடாது என்கிறார் இயேசு. தலைக்கு எண்ணெய் தேய்த்து முகத்தைக் கழுவிவிட்டு ஸ்டேட்டஸைப் போடச் சொல்லுங்கள்.

மார்ச் 14, வெள்ளி

இந்த வருஷம் ரமலானும் தவக்காலமும் ஒன்றாக வந்துவிட்டன. எங்கள் தெரு முனையில் பள்ளிவாசல். சாயங்காலமானால் நோன்புக்கஞ்சிக்குத் தூக்குவாளியோடு வரிசை நிற்கும். வரிசையில் யார் என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை. கஞ்சிக்கென்று அரசாங்கமே பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி கொடுக்கிறது. இன்று பக்கத்து வீட்டு பாய் ஒரு வாளி கொண்டுவந்து கொடுத்தார். திறந்தால் உள்ளே கறித்துண்டு. மனைவிக்கோ சுத்தபோசன வெள்ளி. அவள் என்னைப் பார்க்கிறாள், நான் வாளியைப் பார்க்கிறேன்.

எகிப்தின் பாலைவனத் துறவிகளைப் பற்றி யோவான் கசியான் என்ற துறவி எழுதியது ஒன்று உண்டு. யாத்திரிகர்கள் போய்ச் சேர்ந்த இடமெல்லாம் முதியவர்கள் தங்கள் நோன்பைக் கலைத்து அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். ஏன் என்று கேட்டதற்கு ஒரு முதியவர் சொன்ன பதில்: நோன்பு எப்போதும் என்னோடுதான் இருக்கிறது, உங்களை எப்போதும் என்னோடு வைத்துக்கொள்ள முடியாதே.

இதை அவளிடம் சொன்னேன். "அவங்க வீட்டுக்கு வந்த விருந்தாளிக்காகச் சாப்பிட்டாங்க. இங்க பாய் கஞ்சியைக் கொடுத்துட்டுப் போயிட்டாரே" என்றாள். என் வாதம் நிற்கவில்லை. நான் குடித்தேன், மாடி வீட்டுப் பையன் இன்னொரு கிண்ணம், அவள் தயிர்சோறு. நாளைக்கு வாளியை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று இப்போதே ரவா லட்டு உருட்டுகிறாள்.

மார்ச் 15

மேலே உள்ளதைப் படித்துவிட்டு, "உபவாசத்தைச் சாப்பாட்டுக் கதையாக்கிவிட்டீர்கள், ஆவிக்குரிய அர்த்தம் எங்கே?" என்று ஒரு ஐயா கண்டித்திருக்கிறார். ஐயா, என் கணக்கில் அது சாப்பாட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது. நான் சாப்பிடாமல் விட்ட சாப்பாடு எங்கே போனது? இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் ஹெர்மாஸ் என்பவர் எழுதிவைத்த மேய்ப்பன் என்ற நூலில் உபவாசத்துக்கு ஒரு செய்முறையே இருக்கிறது. அன்றைக்கு அப்பமும் தண்ணீரும் மட்டும். மற்ற நாளில் சாப்பிட்டிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று கணக்குப் போடு. அந்தத் தொகையை ஒரு விதவைக்கோ, அநாதைக்கோ, இல்லாதவருக்கோ கொடு. வாங்கினவர் திருப்தியாகச் சாப்பிட்டு உனக்காகக் கர்த்தரிடம் வேண்டிக்கொள்வார். ஜெபிக்கிறது யார் என்று கவனித்தீர்களா? சாப்பிட்டவர்!

அதே நூற்றாண்டில் ஏதென்ஸ்காரரான அரிஸ்டைட்ஸ் என்ற தத்துவஞானி ராஜாவுக்கு எழுதிய மனுவில் கிறிஸ்தவர்களைப் பற்றிச் சொல்கிறார்: அவர்களுக்குள் ஒருவன் இல்லாதவனாக இருந்து, மற்றவர்களிடமும் மிஞ்சியது ஒன்றும் இல்லாவிட்டால், இரண்டு மூன்று நாள் தாங்கள் சாப்பிடாமல் இருந்து அவனுக்கு வேண்டிய உணவைக் கொடுப்பார்கள். கவனியுங்கள், அவர்களிடமும் மிச்சம் இல்லை. நம்மில் பெரும்பாலோர் மிச்சத்திலிருந்து காணிக்கை போடுகிறோம், அது வேறு. உபவாசம் என்ற தலைப்பில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு அந்த இட்லி மாவை மறுநாளைக்குப் ஃபிரிட்ஜில் வைக்கிறோம். அதன் பெயர் டயட். கெட்டது இல்லை, சுகர் குறையும்.

மார்ச் 23

ஒரு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. அதற்குள் நல்ல கேள்வி ஒன்று விழுந்திருக்கிறது: "கொடுப்பதுதான் முக்கியம் என்றால் சாப்பிட்டுவிட்டே கொடுக்கலாமே. நான் ஏன் பசித்திருக்கவேண்டும்?"

இதை யோசித்துக்கொண்டே இருந்தேன். 15ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்து வாசியுங்கள். உபாகமம் எட்டாம் அதிகாரத்தில் மோசே சொல்கிறார்: அவர் உன்னைப் பசியினால் வருத்தி, மன்னாவைத் தந்தார், மனுஷன் அப்பத்தினால் மாத்திரம் பிழைப்பதில்லை என்று உனக்கு உணர்த்த. நாற்பது நாள் முடிந்து பசித்த இயேசு பிசாசுக்குச் சொன்ன பதிலும் இதே வசனம்தான். கல்லை அப்பமாக்கு என்கிறான். ஆக்க முடியும், ஆக்கவில்லை. அப்புறம் ஐயாயிரம் பேர் பசித்திருந்தபோது அப்பத்தைப் பெருக்கினார். தன் பசிக்குச் செய்யாததைப் பிறர் பசிக்குச் செய்தார்.

பசியோடு கொடுக்கிறவனும் பசி தெரியாமல் கொடுக்கிறவனும் ஒரே தொகையைக் கொடுக்கலாம். முதல் ஆளுக்கு வாங்குகிறவரின் முகத்தில் இருப்பது என்னவென்று கொஞ்சமாவது தெரியும். கொஞ்சம்தான். எனக்கு ராத்திரி ஏழு மணிக்குத் தோசை உண்டு என்று நிச்சயமாகத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த நிச்சயம் இருக்கிறவரைக்கும் என் பசியை ஏழைகளின் பசி என்று பேசுவது அதிகப்பிரசங்கித்தனம். மூன்று நாள் உபவாச முகாமிலிருந்து இறங்கி வந்து 'ஏழ்மையை உணர்ந்தேன்' என்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

ஏப்ரல் 2

ஓர் அக்கா நீளமாக எழுதியிருக்கிறார். கணவர் லெந்து முழுக்க உபவாசம். சாயங்காலம் முடிக்கிறபோது ஆப்பம், தேங்காய்ப்பால், வாழைப்பூ வடை, பழம் எல்லாம் மேசையில் இருக்கவேண்டும். காலையிலிருந்து வீட்டில் சத்தம் கூடாது, பிள்ளைகள் டிவி போடக் கூடாது. "அவர் உபவாசத்தை நான்தான் சுமக்கிறேன்" என்கிறார்.

அக்கா, ஏசாயா 58 உங்களுக்காக எழுதினதுதான். நாங்கள் உபவாசம் பண்ணுகிறோம், நீர் ஏன் பார்க்கவில்லை என்று ஜனங்கள் கேட்கிறார்கள். உபவாச நாளிலேயே வேலைக்காரரைப் பிழிகிறீர்கள், வழக்குக்கும் வாதுக்கும் உபவாசிக்கிறீர்கள் என்று பதில் வருகிறது. அப்புறம்தான் நமக்குத் தெரிந்த பட்டியல்: கட்டுகளை அவிழ்ப்பது, பசித்தவனுக்கு ஆகாரத்தைப் பகிர்வது, வஸ்திரமில்லாதவனுக்கு உடுத்துவது.

என் அம்மா வெள்ளிக்கிழமை தோறும் இருந்தாள். எங்களுக்குச் சமைத்துப் பரிமாறி, ஆலயத்துக்குப் போய், சாயங்காலம் ஒரு டம்ளர் நீராகாரம். நானும் ரொம்ப காலம் அதைப் பரிசுத்தம் என்று பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது உறுத்துவது மற்ற நாட்கள். அன்றைக்கும் கடைசியில்தான் சாப்பிட்டாள், சட்டியில் இருந்ததைத்தான். வாரம் முழுக்க அரை வயிறாக இருக்கிறவளிடம் வெள்ளிக்கிழமையும் பட்டினி இரு என்று எந்தப் பிரசங்கி சொல்லலாம்? அவளுக்கு ஏற்ற உபவாசம், வெள்ளிக்கிழமையாவது அப்பா சமைத்து அவள் முதலில் உட்கார்ந்து சாப்பிடுவதாக இருந்திருக்கலாம். அப்பாவுக்குச் சமைக்கத் தெரியாது. அதுவும் ஓர் உபவாசத்தில் சரியாகியிருக்கும்.

ஏப்ரல் 6

"பாஸ்டர் சபை முழுவதற்கும் சேர்த்துப் பொருத்தனை பண்ணிவிட்டார். எனக்குச் சுகர். மாத்திரையை நிறுத்திவிட்டு இருக்கலாமா?" நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் கேட்காமல் வேளையைத் தவறவிடவும் கூடாது. இன்சுலின் போடுகிறவர்களும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும்: வியர்வை, நடுக்கம், குழப்பம், அப்புறம் மயக்கம். எங்கள் பக்கத்து உபவாசக் கூட்டம் ஒன்றில் ஒரு பெரியம்மா இப்படிச் சரிந்தார். ஆவியில் விழுந்தார் என்று அல்லேலூயா போட்டுக்கொண்டிருந்தார்கள். பேத்திக்கு விவரம் தெரிந்திருந்ததால் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தாள்.

தலைவன் எல்லோர் வயிற்றுக்கும் சேர்த்துச் சபதம் போடுகிற கதை 1 சாமுவேல் 14இல் இருக்கிறது. சாயங்காலம்வரை சாப்பிடுகிறவன் சபிக்கப்பட்டவன் என்கிறார் சவுல் ராஜா. ஜனங்கள் சண்டை போட்டுக் களைத்துப்போகிறார்கள். சபதம் தெரியாத யோனத்தான் கோலைத் தேனில் தோய்த்து வாயில் வைக்கிறான், கண் தெளிகிறது. என் அப்பா தேசத்தைக் கலங்கவைத்துவிட்டார் என்று வாய்விட்டே சொல்கிறான். சாயங்காலம் என்ன நடந்தது? பசி தாங்காத ஜனம் ஆடுமாடுகள் மேல் பாய்ந்து இரத்தத்தோடு தின்றது. சின்னக் கட்டளையைக் காப்பாற்றப் போய், இரத்தத்தைத் தின்னாதே என்கிற பெரிய கட்டளை போயிற்று.

தேன் சாப்பிடுங்கள் என்று சுகர்காரரிடம் சொல்லவில்லை! வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். போனை வைத்துவிட்டு இருங்கள், டிவி சீரியலை விடுங்கள், புறணியை விடுங்கள். புறணிதான் கஷ்டம்.

ஏப்ரல் 7

எத்தியோப்பிய சபையில் வருஷத்துக்கு 250 நாள் உபவாசமாமே, உண்மையா என்கிறார்கள். குருமார், துறவிகளுக்கு ஏறக்குறைய அவ்வளவு. சாதாரண ஜனங்களுக்கு 180 நாளுக்கு மேல். வாராவாரம் புதன், வெள்ளி. ஈஸ்டருக்கு முன்னால் மட்டும் 55 நாள். கறி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கூடாது. அதனால்தான் அவர்களுடைய பருப்பும் கடலைமாவுக் குழம்பும் அவ்வளவு ருசி என்பார்கள். நோன்புச் சாப்பாடு வாயில் வைக்க முடியாதபடி இருக்கவேண்டும் என்று எந்த வசனத்திலும் இல்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை மும்மணி ஆராதனை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகள். எங்கள் ஆலயத்தில் முடிந்ததும் வாசலில் கஞ்சியும் காணத்துவையலும் (கொள்ளுத் துவையல்) கொடுப்பார்கள். இந்த வருஷம் கமிட்டியில் ஒருவர், வெளியாட்கள் அதிகம் வருகிறார்கள், ஆராதனைக்கு வந்தவர்களுக்கு மட்டும் டோக்கன் கொடுக்கலாம் என்றார். எனக்கு மார்ச் 15 குறிப்பு ஞாபகம் வந்து, ஹெர்மாஸைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். யாருக்கும் புரியவில்லை. மூன்று மணி நேரப் பசியில் எனக்கே பாதிதான் வந்தது. கடைசியில் சமையல் பார்க்கிற அண்ணன், "டோக்கன் எண்ணுறதுக்கு எனக்கு ஆள் கிடையாது" என்று சொல்லி விஷயத்தை முடித்தார். அண்டாவைத் தெருப்பக்கம் தள்ளி வைத்தோம். முதலில் வந்தவர்கள் எதிர்க் கட்டடத்தில் வேலை பார்க்கிற வடநாட்டுப் பையன்கள். துவையல் அவர்களுக்குக் காரம், கஞ்சி மட்டும் இரண்டாம் தடவை வாங்கினார்கள்.

ஏப்ரல் 22

ஈஸ்டர் முடிந்த கையோடு 'உயிர்த்தெழுதலின் வல்லமை 21 நாள் உபவாசம்' என்று நோட்டீஸ் வந்திருக்கிறதாம், போகலாமா என்று ஒருவர் கேட்கிறார்.

பழைய சபையைக் கேட்டால் கூடாது என்றிருக்கும். ஞாயிற்றுக்கிழமையிலும், ஈஸ்டரிலிருந்து பெந்தெகொஸ்தே திருநாள் வரைக்கும் உள்ள நாட்களிலும் உபவாசிப்பதையோ முழங்காலிட்டு ஜெபிப்பதையோ தகாததாக எண்ணுகிறோம் என்று கார்த்தேஜின் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதியிருக்கிறார், சுமார் 1800 வருஷத்துக்கு முன்னால். முழங்காலைப் பற்றி 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் சங்கமும் விதி போட்டது. லெந்துவில் நாற்பது என்று எண்ணுகிற கணக்கே ஆறு ஞாயிற்றைக் கழித்த பிறகுதான் வருகிறது. மணவாளன் கூட இருக்கையில் தோழர்கள் எப்படி உபவாசிப்பார்கள் என்று கேட்டவரும் இயேசுதான். இந்த வருஷம் பெந்தெகொஸ்தே ஜூன் 8. அதுவரை நோட்டீஸை மடித்து வையுங்கள்.

மனைவி சொல்லச் சொன்னது: இந்த வாரம் வெள்ளிக்கிழமைகூட ஈஸ்டர் எண்கிழமைக்குள் (ஈஸ்டரிலிருந்து எட்டு நாள்) வருவதால் பெருவிழாக் கணக்கு, சுத்தபோசனம் கிடையாது. பாய் வீட்டுக்குச் சொல்லியாயிற்று, மட்டன் எங்கள் செலவு, அடுப்பு அவர்களுடையது.